பதினான்காம் இயந்திரத்தில் முடியாத தட்டு

1

இன்று காலை என் வலக்கையின் மூன்று விரல்களை ஒரு சிறிய கண்ணாடித் தகட்டின் மேல் வைக்கச் சொன்னார்கள். முதலில் சுட்டுவிரல், பிறகு நடுவிரல், பிறகு மோதிர விரல். தகட்டுக்கடியில் பச்சை வெளிச்சம் ஒன்று ஊர்ந்து போயிற்று. அலுவலகப் பெண் என் கழுத்தில் ஐந்தாண்டுகளாகத் தொங்கிய அட்டையை வாங்கிக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டிக் கூடையில் போட்டாள்.

"இனிமேல் அட்டை கிடையாது. யாரும் யாருக்குப் பதிலாகவும் உள்ளே வர முடியாது" என்று மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தாள்.

அவள் இங்கு வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இந்த விதி எவருடைய விரல்களிலிருந்து பிறந்தது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த விரல்களைக் கொல்லிமலையிலிருந்து பேசியே இறக்கிக் கொண்டு வந்தவன் நான்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்காக என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் வடபகுதியில் ஒரு தொழிற்சாலை. கணினிப் பெட்டிகளுக்குள் பொருத்தும் இரும்புத் தாங்கிகளைப் பிரஸ் இயந்திரங்களில் அழுத்தி எடுக்கிறோம். ஒவ்வொரு தொழிலாளியும் வேலை தொடங்கும்போது மூன்று முறை பார்கோடு காட்ட வேண்டும்: தன் அட்டை, தன் இயந்திரத்தின் தகடு, முந்நூறு துண்டுகள் அடங்கும் தட்டில் ஒட்டிய சீட்டு. யார், எதில், எதை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ணாடி அறையில் இருக்கும் என் திரைக்கு வந்துவிடும். முடிந்த தட்டு பச்சை. நடப்பில் உள்ள தட்டு மஞ்சள். நிறுத்தியதாக ஆள் குறித்தது சிவப்பு. நானூறு பேர் மூச்சு வாங்கும் கூடம் எனக்கு மூன்று நிறங்களாகத் தெரியும்.

நாளை முதல் புதிய மென்பொருள். பழைய திரையில் திறந்து கிடக்கும் தட்டுகளையெல்லாம் இன்று மாலை ஐந்து மணிக்குள் மூட வேண்டும் என்பது மேலாளர் லிம்மின் உத்தரவு. தேடிப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் திறந்திருந்தது. பதினான்காம் இயந்திரம். முந்நூறில் இருநூற்றுப் பன்னிரண்டு. வேலை செய்பவர்: அரப்பளி. நிலை: நடப்பில்.

நான்கு ஆண்டுகளாக அது மஞ்சளாகவே இருக்கிறது.

2

என் அத்தாவுக்குக் கொல்லிமலைமேல் சந்தை கூடும் ஊரான சோளக்காட்டில் மிளகுக் கடை. வீடு அடிவாரத்தில். கல்லூரியில் படித்த மூன்றாண்டுகளும் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு எனக்கே. ஒட்டிப் பேசச் சொன்னாலும் வெட்டிப் பேசச் சொன்னாலும் கவலையில்லை. சீட்டெடுத்து எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கமே நியாயம் என்று அவையை நம்ப வைப்பேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைதான்.

புத்தாயிரம் பிறந்த ஆண்டில் சேலத்திலிருந்து ஓர் ஆள் பிடிக்கும் முகவர் டெம்போவில் ஏறி வந்தார். மலைக்காரர்கள் அவரை நம்பவில்லை. அவர் கடைக்கு வந்து என் முன்னால் கைகட்டி நின்றார்.

"நீங்க ஒரு பத்து நிமிசம் பேசினாப் போதும் பாய். உங்களுக்கும் ஒரு விசா ஒதுக்கிடறேன்."

சந்தை நாளில் டெம்போவின் மேல் ஏறி நின்று பேசினேன். பலாப்பழக் குவியலுக்கும் பேருந்துக்கும் நடுவே நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கண்ணால் காணாத ஒரு தொழிற்சாலையின் வெளிச்சத்தை, சுத்தத்தை, ஒழுங்கை என் வாயால் கட்டி எழுப்பினேன். "மழை பொய்த்தால் மரவள்ளி பொய்க்கும், இயந்திரம் பொய்ப்பதில்லை!" என்று முடித்தபோது கைதட்டினார்கள். எனக்கு அதுவரை கிடைத்த கைதட்டல்களில் அதுதான் பெரியது.

பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் இருவர் மலையூர்களில் ஒன்றான வாழவந்தி நாட்டைச் சேர்ந்த அண்ணன் தம்பி. மூத்தவர் அரப்பளி, இளையவர் வரதன். சொந்தத்தில் கொஞ்சம் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகு. அரப்பளி மட்டும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க பாய், அங்க நாங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கலாமுங்களா?"

"ஒரே கூரைக்கடியில் இருப்பீர்கள்" என்றேன், மேடைத் தமிழிலேயே.

"அப்ப சரிங்க. ஒருத்தனுக்கு முடியலைன்னா இன்னொருத்தன் இருக்கோணும்ல."

அந்த வாக்கியத்தை நான் காதில் வாங்கவில்லை. கைதட்டல் இன்னும் காதில் இருந்தது.

3

இங்கே வந்து ஆறு மாதம் நானும் துளைபோடும் இயந்திரத்தில் நின்றேன். பார்கோடு முறை வந்தபோது தமிழ்த் தொழிலாளர்களுக்கு அதை விளக்க ஆள் தேவைப்பட்டது. கூடத்தின் நடுவே ஒரு மரப்பலகை மேல் ஏற்றிவிட்டார்கள். பேசினேன். கண்ணாடி அறை எனக்குக் கிடைத்தது.

அண்ணனும் தம்பியும் பதினான்காம் இயந்திரத்திலேயே மாறி மாறி இருந்தார்கள். காலை ஏழிலிருந்து மூன்று வரை அரப்பளி, மூன்றிலிருந்து பதினொன்று வரை வரதன். அரப்பளி ஒரு துண்டுக்கு ஒன்பது விநாடி எடுப்பார். வரதன் பதினொன்று. நான் யாரிடமும் சொல்லாத என் ரகசிய மகிழ்ச்சி அது. திரையில் விழும் எண்களின் இடைவெளியை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவேன்.

இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, அரப்பளியின் பெயருக்கு எதிரே எண்கள் பதினொரு விநாடிக்கு ஒன்றாக விழுந்தன. கண்ணாடி வழியே பார்த்தேன். முகக்கவசம், தொப்பி, குனிந்த முதுகு. ஆனால் அது வரதனின் முதுகு. அந்த மாதத்துப் பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டினேன். இன்னும் மூன்று நாள்கள் அப்படி இருந்தன. நான்கு நாள் பதிவையும் அச்செடுத்து, பதினொன்று விழுந்த இடங்களில் எல்லாம் சிவப்பு மையால் கோடிட்டேன்.

மதியச் சோற்றுக் கூடத்தில் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டேன். அரப்பளி கொஞ்சமும் பதறவில்லை.

"எனக்குக் குளிர் காச்சலுங்க. அதான் தம்பியை அனுப்பினேன்."

"உங்கள் அட்டையோடா?"

"ஆமாங்க. எம்பட வேலைக்குப் போறப்ப எம்பட அட்டையத்தான கொண்டுபோவோணும்? அவன் அட்டையக் கொண்டுபோனா அது அவன் வேலையாப் போயிருமுங்களே."

"வரதண்ணா, காலையில் அண்ணனுக்காக எட்டு மணி நேரம், அப்புறம் உங்களுக்காக எட்டு மணி நேரம். உடம்பு தாங்குமா?"

வரதன் சிரித்தார். "களையெடுப்பைவிட இது மேலுங்க பாய். இங்க அட்டப்பூச்சி கடிக்கிறதில்லை."

அந்த வழக்கம் எனக்குப் புதியதல்ல. வாழவந்தி நாட்டில் சாமைக் களையெடுப்புக்கு ஒரு வீடு இன்னொரு வீட்டுக்கு ஆள் அனுப்பும். பிறகு அவர்கள் இவர்களுக்கு அனுப்புவார்கள். வரவேண்டியவர் படுத்துவிட்டால் அந்த வீட்டிலிருந்து வேறொருவர் வருவார். அத்தாவோடு மிளகுக் கொடி பார்க்கப் போன ஒரு நாள், அரப்பளிக்குப் பதிலாக வந்த வரதனைக் காடு முழுக்க "அரப்பளி, அரப்பளி" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏனப்பா அரப்பளி, நேத்து இருந்த மீசையில பாதியக் காணோம்?" என்று ஒரு பெண் கேட்க, வரதன் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வேலைக்கு வந்தது ஒரு வீடு. அந்த வீட்டுக்கு அன்று வரதனின் முகம் இருந்தது.

இது தெரிந்தும், சோற்றுத் தட்டின் எதிரே நான் அவர்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். தனிமனிதன், பொறுப்பு, அடையாளம் என்று மூன்று தலைப்புகளில். அரப்பளி சோற்றைப் பிசைந்தபடி முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லாச் சொன்னீங்க. இனிமே சொல்லிட்டே மாத்திக்கறமுங்க" என்றார். நான் சொன்னதில் ஒரு சொல்கூட அவரிடம் போய்ச் சேரவில்லை.

அச்செடுத்த தாள்களோடு மேலாளரிடம் போயிருக்க வேண்டும். அந்த வாரம் தலைமையகத்திலிருந்து ஆய்வாளர்கள் வருவதாக இருந்தது. என் முறையில் ஓட்டை இருக்கிறது என்று நானே எப்படிச் சொல்வேன்? தாள்களை மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பதினான்காம் இயந்திரத்தைக் கவனிக்கும் கமலா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் இங்கேயே பிறந்த தமிழர், மேற்பார்வையாளர்.

"தெரியும் தம்பி. வேலை ஓடுது, விட்ரு லா" என்றார், இந்த ஊர்ப் பேச்சில்.

விட்டுவிட்டேன்.

4

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்தொன்பது நிமிடத்துக்குப் பதினான்காம் இயந்திரத்தின் எண் நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்கு முன் விழுந்த எண்கள் எல்லாம் பதினொரு விநாடி இடைவெளியில்.

அந்த இயந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே போகாமலிருக்க அந்த ஏற்பாடு. வலப்பொத்தான் அழுத்தினால் எழும்பாமல் சிக்கிக்கொள்கிறது என்று முந்தின நாளே அரப்பளி புகார் கொடுத்திருந்தார். அதுவும் என் திரையில் இருந்தது: பராமரிப்பு, காத்திருப்பில். பொத்தான் சிக்கியிருந்தது தெரியாமல் வரதன் கோணலாக விழுந்த துண்டை நேராக்க வலக்கையை உள்ளே நீட்டினார். இடக்கை பழக்கத்தில் மற்றப் பொத்தானை அழுத்திவிட்டது.

மூன்று விரல்கள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு அரப்பளி வாசலுக்கு வந்தார். அவருடைய அட்டை ரத்தத்தோடு காவலாளியின் மேசைமேல் கிடந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், என்னை உள்ள உடச் சொல்லுங்க. எங்கூட்டு வேலை பாதியில நிக்குதுங்க. அதை முடிச்சுக் குடுத்துட்டு நானு ஆசுபத்திரிக்குப் போறேன்."

அவரை உள்ளே விடவில்லை. தட்டும் அங்கே இல்லை. ரத்தத்தில் நனைந்த துண்டுகளைக் கழிவுத் தொட்டியில் கொட்டியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் விசாரணை. நீண்ட மேசை, மேலாளர் லிம், காப்பீட்டு அலுவலர் ஒருவர், கமலா அக்கா, அரப்பளி. நான் பதிவாளர், நானே மொழிபெயர்ப்பாளர். கேள்வி ஒன்றே ஒன்று. அந்தக் காலையில் வரதன் தொழிலாளியா, பிறர் அட்டையில் நுழைந்த அந்நியரா? ஆள் மாறுவது நிறுவனத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் அவர் தொழிலாளி. விரல்களுக்கு நிறுவனம் பொறுப்பு, அறுவை சிகிச்சையும் வேலையும் தொடரும். தெரியாதிருந்தால் அண்ணன் தம்பி இருவரும் மோசடிக்காரர்கள். வேலை அனுமதி ரத்து.

அரப்பளி எழுந்து நின்றார். "நாங்க யாரையும் ஏமாத்தலைங்க. எங்கூட்ல இருந்து ஒரு ஆளு வந்தாப் போதுமுங்களே? எனக்கு முடியலை, அவன் வந்தான். வேலை நிக்கலீங்களே!"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்: தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பியதை இவர் ஒப்புக்கொள்கிறார். அதில் பிழை காட்ட எவராலும் முடியாது. அரப்பளி நன்றியோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கமலா அக்காவைக் கேட்டார்கள். "நான் அட்டையைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க நேரமில்லை" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டே.

பிறகு லிம் என் பக்கம் திரும்பினார். "பதிவு அறைக்கு இது முன்பே தெரியுமா? உன் முறையில் கோளாறு உண்டா?"

இழுப்பறையின் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. தெரியும் என்ற ஒரு சொல் போதும். ஆனால் கேள்வி இரண்டாக வந்தது. இரண்டாவது கேள்வி என் திறமையைப் பற்றியது. நான் எழுந்தேன். பதிவில் அப்படி எதுவும் இல்லை என்று தொடங்கினேன். அது உண்மை, பதிவில் அரப்பளியின் பெயர்தான் இருந்தது. முறை வேறு, முறையை ஏமாற்றுகிறவன் வேறு என்று பிரித்துக் காட்டினேன். கண்ணாடிமேல் சேறு பூசியவன் கண்ணாடியைக் குறைசொல்ல முடியுமா என்று கேட்டேன். பராமரிப்புப் பதிவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் படிக்கவில்லை. காப்பீட்டு அலுவலர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு நிமிடம் பேசினேன். உட்காரும்போது, சொல்லக் கூசுகிறது, நன்றாகப் பேசினோம் என்று தோன்றியது.

இரு வாரங்களில் அண்ணனும் தம்பியும் அனுப்பப்பட்டார்கள். விமான நிலைய வண்டியில் ஏறும்போது வரதனின் கை பெரிய வெள்ளைப் பொதியாக மார்பில் தொங்கியது. அடுத்த மாதம் என் பெயர்ப்பலகையில் முதுநிலைப் பதிவாளர் என்று எழுதினார்கள்.

5

இரண்டு ஆண்டு கழித்து விடுப்பில் ஊருக்குப் போனேன். அத்தாவின் கடைக்குப் போகாமல் தப்ப முடியாது. சோளக்காட்டில் பேருந்தை விட்டு இறங்கியதுமே அரப்பளி கண்டுகொண்டார். அன்னாசிக் குவியலுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். பக்கத்தில் வரதன் இடக்கையால் பழத்தை எடுத்து, வலக்கையின் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே பிடித்து, சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க பாய்! என்னுங்க, வெளுத்துப் போயிட்டீங்க. வெய்யலே காட்டறதில்லையாட்ட இருக்குது."

"நல்லா இருக்கீங்களாண்ணா?"

"இருக்கறமுங்க. மொளகுக்கு மட்டும் இப்ப ஆள் உட்டுத்தான் பறிக்கிறோம். இவனுக்கு ஏணியில ஏறினாப் பிடிமானம் இல்லீங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்று மலைப்பாதையின் எழுபது வளைவுகளிலும் எதிர்பார்த்துக்கொண்டே ஏறியிருந்தேன். அதற்கான விடைகளும் வரிசையாக இருந்தன. அவர் ஓர் அன்னாசியைச் சீவி என் கையில் கொடுத்தார்.

"அன்னிக்கு என்ன பேசினீங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியலீங்க, எல்லாம் இங்கிலீசு. ஆனா நீங்க பேசின தோரணை இருக்குதே! கேக்கக் கேக்க நானுதான் தப்புப் பண்ணிட்டனாட்டம் எனக்கே தோணிப்போச்சுங்க."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பேருந்து கிளம்பப் போகும்போது வரதன் கேட்டார்: "ஏனுங்க பாய், அந்தத் தட்டு முடிஞ்சுதுங்களா? எம்பத்தெட்டு இருந்துது. பாதியில போட்டுட்டு வந்தது மனசுக்குள்ளயே கெடக்குதுங்க."

"முடிஞ்சுதுங்க" என்றேன்.

என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய பேச்சு அது. வரதனின் முகம் தெளிந்தது.

6

பகல் முழுக்க அந்த மஞ்சள் கட்டத்தின் எதிரே உட்கார்ந்திருந்தேன். தட்டை மூட வேண்டுமானால் திறந்தவரின் அட்டை வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் ஆறு காரணங்கள். இயந்திரக் கோளாறு, பொருள் தட்டுப்பாடு என்று போகும் வரிசையில் ஆறாவது: பதிவாளரின் தவறு. ஐந்தாண்டுகளில் நான் அதை ஒருமுறையும் தொட்டதில்லை.

தொட்டேன். விளக்கம் எழுதச் சொல்லிக் கட்டம் திறந்தது. இயந்திரத்தில் இருந்தவர் வரதன். பதிவு அறைக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். வலப்பொத்தான் பழுது முந்தின நாளே பதிவானது என்று எழுதினேன். அடியில் மேற்பார்வையாளரின் ஒப்புதல் கேட்டது. கமலா அக்காவைக் கூப்பிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"என்னா தம்பி இது? நாலு வருசம் ஆச்சு. இப்ப எதுக்குக் கிளறுற?"

"ஒரு ஒப்புதல் போதும் அக்கா."

"இதுல கைவச்சா எனக்கும் தெரியும்னு ஆயிடும். எனக்கு இன்னும் ரெண்டு வருசம்தான் இருக்கு பென்சனுக்கு. நீ அன்னிக்கே பேசியிருந்தா நானும் பேசியிருப்பேன் லா. அன்னிக்கு நீ என்ன பேசுனே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

ஐந்து மணிக்கு மென்பொருள் தானாக வேலையை எடுத்துக்கொண்டது. ஒப்புதல் இல்லாத என் விளக்கம் அழிந்தது. காரணம் இல்லாத தட்டுகளுக்குரிய காரணத்தை அதுவே நிரப்பிக்கொண்டது: தொழிலாளி வேலையை விட்டுச் சென்றார். கட்டம் பச்சையானது. வரதன் அந்த இயந்திரத்தில் நின்றதற்கு நிறுவனத்திடம் இனி ஒரு சான்றும் இல்லை.

என்னிடம் இருக்கிறது. இழுப்பறையைத் திறந்தேன். சிவப்பு மை வெளிறியிருந்தாலும் கோடுகள் தெரிகின்றன. பராமரிப்புப் பதிவையும் காலையிலேயே அச்செடுத்து வைத்திருந்தேன். இவற்றை எந்த அலுவலகம் ஏற்கும், காலக்கெடு என்று என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஓர் உறையில் இட்டு, அதனுடன் வைக்க ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். முன்னுரையோடு நான்கு பக்கம் வந்தது. கிழித்துவிட்டேன். மறுபடி எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன். வாழவந்தி நாட்டில் இதைப் படிக்கிறவர் யாரேனும் இருந்தால், கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று அந்த வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

வரதண்ணா,

அந்தத் தட்டு முடியவில்லை. முடிந்தது என்று நான் சொன்னது பொய்.

அன்று அந்த இயந்திரத்தில் வேலை செய்தது நீங்கள். அண்ணன் யாரையும் ஏமாற்றவில்லை. எனக்கு முன்பே தெரியும்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

அன்வர்